ஸ்டோரர் கல்லூரியும் அதன் நினைவுப் பலகைகளும்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், பொட்டோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடுகிற இடத்தில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். இந்த ஊரைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜான் பிரவுனுக்காக வருகிறார்கள். அடிமை முறையை ஆயுதம் ஏந்தித்தான் ஒழிக்க முடியும் என்று நம்பிய வெள்ளையர் அவர். கறுப்பரும் வெள்ளையருமாக 21 பேரைத் திரட்டிக்கொண்டு, 1859 அக்டோபர் 16 இரவு இங்கிருந்த அரசு ஆயுதச் சாலையைத் தாக்கினார். இரண்டே நாளில் பிடிபட்டார். டிசம்பர் 2 அன்று பக்கத்து ஊரான சார்ல்ஸ் டவுனில் தூக்கிலிட்டார்கள். அவர் கடைசியாகப் பதுங்கி நின்று சண்டையிட்ட தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு ஜான் பிரவுன் கோட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் படம் எடுத்துக்கொண்டு பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

கீழ் ஊரிலிருந்து மேடேறினால் கேம்ப் ஹில் என்ற குன்று. 1867 முதல் 1955 வரை, 88 ஆண்டுகள், அங்கே ஸ்டோரர் கல்லூரி நடந்தது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களுக்காகவும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் ஒரு கிறிஸ்தவ சபை தொடங்கிய கல்வி நிலையம். இன்று அந்த வளாகத்தின் பெரும்பகுதி, வரலாற்று இடங்களையும் பராமரிக்கிற அமெரிக்க அரசுத் துறையான தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் இருக்கிறது. கட்டடங்கள் பல நிற்கின்றன, கல்லூரி இல்லை. அது ஏன் மூடப்பட்டது, அதை நினைவுகூர்வது ஏன் இவ்வளவு சிக்கலாகிப்போனது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஸ்டோரரை நெடுநாளாக ஜான் பிரவுன் நாடகத்தின் பின்திரையாகவே வைத்திருந்தார்கள். அந்தக் கல்லூரிக்குத் தனியாக ஒரு கதை உண்டு. அதில் துணிச்சலும் உண்டு, தயக்கமும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நினைவுகூர்தல் ஆகும்.

தொடங்கியவர்கள் ஃப்ரீ வில் பாப்டிஸ்ட் சபையினர். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் 1780 வாக்கில் உருவான சபை. இன்னார் மீட்படைவார், இன்னார் மீட்படையமாட்டார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற கொள்கையை இவர்கள் ஏற்கவில்லை. எல்லோருக்கும் வழி திறந்திருக்கிறது, அவரவர் விருப்பப்படி அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அப்படி நம்புகிறவர்கள் ஒரு மனிதனை இன்னொரு மனிதன் சொத்தாக வைத்திருப்பதைச் சகித்துக்கொள்வது கடினம். அடிமை முறையை உறுதியாக எதிர்த்த சபைகளில் இதுவும் ஒன்று.

அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களுக்கும் வடக்கு மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி மாறி மாறி இரு தரப்பின் கைக்கும் போய் வந்தது. ஆயுதச் சாலை எரிந்தது. தோட்டங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகள் வடக்குப் படையின் பாதுகாப்பை நம்பி இங்கே வந்து சேர்ந்தார்கள். 1865இல் போர் முடிந்ததும் அந்தச் சபை நேதன் பிராக்கெட் என்ற இளம் போதகரை அனுப்பியது. குண்டடிபட்டுக் கிடந்த லாக்வுட் மாளிகையில் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வந்தவர்கள் எழுத்தே தெரியாதவர்கள். படிக்கக் கற்றுக்கொடுப்பதைக் கண்டால் தண்டிக்கிற உலகத்திலிருந்து வந்தவர்கள்.

சீக்கிரமே ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. வடக்கிலிருந்து வருகிற ஒரு சில ஆசிரியர்களால் இவ்வளவு பேருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. கறுப்பின மக்களிலிருந்தே ஆசிரியர்கள் உருவாகவேண்டும். அப்போதுதான் மேய்ன் மாநிலத்துச் சான்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த ஜான் ஸ்டோரர் என்ற செல்வந்தர் 10,000 டாலர் தருவதாகச் சொன்னார். பேட்ஸ் கல்லூரியை நிறுவிய ஓரன் செனிதான் அவரை இதற்கு இணங்கவைத்தவர். நன்கொடைக்கு நிபந்தனைகள் இருந்தன. சபையும் அதே அளவு பணத்தைக் குறித்த காலத்துக்குள் திரட்டவேண்டும், பள்ளி ஒருநாள் கல்லூரியாக வளரவேண்டும், இனமோ பாலினமோ பார்க்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 1867இல் இப்படி ஒரு நிபந்தனை வைக்கிறவர் சாதாரண மனிதர் இல்லை. பணம் சேர்ந்தது. அந்த அக்டோபரில் 19 மாணவர்களுடன் ஸ்டோரர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

1868இல் மாநிலச் சட்டமன்றம் அங்கீகாரம் கொடுத்தது. 1869இல் அமெரிக்க அரசு கேம்ப் ஹில்லில் இருந்த நான்கு வீடுகளைப் பள்ளிக்கே தந்தது. எல்லாம் ஆயுதச் சாலை அதிகாரிகள் குடியிருந்த வீடுகள். பத்து வருடம் முன்பு ஜான் பிரவுன் எந்த ஆயுதச் சாலையைத் தாக்கினாரோ, அதன் அதிகாரிகள் வாழ்ந்த அறைகளில் விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகள் இலக்கணமும் கணக்கும் படித்தார்கள்.

ஊர் இதை வரவேற்கவில்லை. தபால் நிலையத்துக்குப் போனாலே கூச்சலிட்டு விரட்டுகிறார்கள், பட்டப்பகலில் தெருவில் இரண்டு தடவை கல்லெறிந்தார்கள் என்று அந்தக் காலத்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளியை எதிர்த்து மனு போட்டார்கள், மிரட்டினார்கள். ஆசிரியர்களில் பலர் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த மணமாகாத இளம்பெண்கள். கல்லூரியின் வரலாறு எழுதுகிறவர்கள் தலைவர்கள் பெயரையும் நன்கொடையாளர்கள் பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு இந்தப் பெண்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியிருந்தால் ஸ்டோரர் முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது.

1881 மே 30. கல்லூரியின் 14ஆம் ஆண்டு விழாவில் பேச வந்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் மிகப் பெரிய குரலாக வளர்ந்தவர். ஸ்டோரரின் அறங்காவலர்களில் ஒருவர். அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஜான் பிரவுன். 1859இல் பிரவுன் இவரை நேரில் கூப்பிட்டார். இந்தத் திட்டம் பொறியில் போய்ச் சிக்குவது போன்றது என்று சொல்லி டக்ளஸ் மறுத்துவிட்டார். 22 வருடம் கழித்து அதே ஊரில் நின்று சொன்னார்: அடிமைக்காக என்னால் வாழ முடிந்தது, அவரால் சாக முடிந்தது. அடிமை முறையை முடித்துவைத்த போரை ஜான் பிரவுன் முடிக்கவில்லை என்றாலும், அதைத் தொடங்கிவைத்தவர் அவர்தான் என்றும் சொன்னார். மேடையில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ஹன்டர், ஜான் பிரவுனுக்குத் தூக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்த அரசு வழக்கறிஞர். பேச்சு முடிந்ததும் எழுந்து வந்து டக்ளஸின் கையைக் குலுக்கினார். அந்தக் காலத்து அமெரிக்காவில் வேறு எந்த மேடையில் இது நடந்திருக்கும்? ஸ்டோரர் என்ற இடம் இருந்ததால்தான் நடந்தது.

ஜான் பிரவுன் கோட்டை இன்று ஊருக்கே பெருமை. ஆனால் ஒரு காலத்தில் அது வேண்டாத செங்கல் குவியலாக இருந்தது. 1891இல் அதை விலைக்கு வாங்கி, பிரித்து, சிகாகோ உலகப் பொருட்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் 11 பேர் பார்த்தார்கள், அவ்வளவுதான். கேட் ஃபீல்டு என்ற பத்திரிகையாளர் முனைந்து நிதி திரட்டி, 1895இல் அதை ஹார்ப்பர்ஸ் ஃபெரி பக்கத்தில் இருந்த மர்ஃபி பண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தாக்குதலின் 50ஆம் ஆண்டான 1909இல் ஸ்டோரர் கல்லூரி அதை வாங்கித் தன் வளாகத்திலேயே கட்டிவைத்தது. பணக்காரக் கல்லூரி இல்லை அது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு இருந்த நேரத்தில் ஒரு பழைய கொட்டகையை வாங்கிக் காப்பாற்றினார்கள். 1918இல் பழைய மாணவர்கள் அதன் சுவரில் ஒரு பலகை பதித்தார்கள். இந்த நாட்டில் விடுதலை புதிதாகப் பிறக்கவேண்டும், அடிமை முறை அமெரிக்க மண்ணிலிருந்து என்றைக்கும் நீங்கவேண்டும் என்பதற்காக ஜான் பிரவுனும் அவருடைய 21 பேரும் உயிரைக் கொடுத்தார்கள் என்பது அதன் சாரம். இந்தக் கதையில் வருகிற முதல் பலகை இது. கல்லூரி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளாமல், தான் மதித்த ஒருவரைப் பற்றிச் சொன்ன பலகை.

அதற்கு முன்பே, 1906 ஆகஸ்டில், நயாகரா இயக்கத்தின் இரண்டாவது மாநாடு ஸ்டோரரில் நடந்தது. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் முதலியோர் கறுப்பரின் சம உரிமைக்காக முந்தைய வருடம் தொடங்கிய இயக்கம். முதல் கூட்டம் கனடா பக்கத்தில் நடந்திருந்தது. அமெரிக்க மண்ணில் அவர்கள் வெளிப்படையாகக் கூடியது இதுதான் முதல் தடவை. கறுப்பர்கள் இப்போதைக்குத் தொழில் கற்றுக்கொண்டு பொறுமையாக இருந்தால் போதும் என்று கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டன் சொல்லிவந்த காலம் அது. இவர்கள் வாக்குரிமை வேண்டும், சம உரிமை வேண்டும், அதில் ஒரு துளியும் குறையக்கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 17 அதிகாலையில் காலணிகளைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மர்ஃபி பண்ணைக்கு நடந்து போய் அந்தக் கோட்டையைச் சுற்றி வந்தார்கள். புனித இடத்துக்குப் போகிறவர்கள் போகிற மாதிரி. மூன்று வருடம் கழித்து உருவான கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்துக்கு இந்த மாநாடு ஒரு முன்னோடி.

மாநாட்டை ஸ்டோரருக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் ஜே. ஆர். கிளிஃபோர்டு. 1875இல் ஸ்டோரரில் படித்து முடித்தவர், மேற்கு வர்ஜீனியாவின் முதல் கறுப்பின வழக்கறிஞர், பயனியர் பிரஸ் என்ற பத்திரிகையையும் நடத்தியவர். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கல்லூரி மூடப்பட்டதைப் புரிந்துகொள்ள இவர் நடத்திய வழக்குகள் உதவும். மேற்கு வர்ஜீனியாவின் 1872 அரசமைப்பு, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே பள்ளியில் பாடம் நடத்தக்கூடாது என்றே எழுதிவைத்திருந்தது. அந்தப் பிரிவினையையே எதிர்த்து மார்கன் மாவட்டத்துக் குடும்பம் ஒன்றுக்காகக் கிளிஃபோர்டு வாதாடினார். 1896இல் தோற்றார். பிறகு டக்கர் மாவட்டத்தில் இன்னொரு வழக்கு. வெள்ளைப் பிள்ளைகளுக்கு எட்டு மாதம் பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து மாதம் போதும் என்று கல்விக் குழு முடிவெடுத்தது. கேரி வில்லியம்ஸ் என்ற ஆசிரியை அதைப் பொருட்படுத்தாமல் எட்டு மாதமும் பாடம் நடத்தினார். மூன்று மாதச் சம்பளத்தைத் தரமாட்டோம் என்றார்கள். கிளிஃபோர்டு வழக்குப் போட்டு, 1898இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார்.

ஸ்டோரர் என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். நைஜீரியாவின் முதல் ஜனாதிபதி நம்டி அசிகிவே 1920களில் இங்கே படித்தார், ஜாஸ் இசையின் ஆரம்பகால மேதைகளில் ஒருவரான டான் ரெட்மன் இங்கே படித்தார் என்று பெருமைப் பட்டியல் போடலாம், தப்பில்லை. ஆனால் சின்னச் சின்ன ஊர்களில், ஓர் அறைப் பள்ளிகளில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள்தான் அந்தக் கல்லூரியின் உண்மையான விளைச்சல். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் ஏறாது.

இனி அந்தத் தயக்கத்தின் கதை. 1899 முதல் 1944 வரை, 45 வருடம், ஸ்டோரரின் தலைவராக இருந்தவர் ஹென்றி மெக்டொனால்டு என்ற வெள்ளையர். கல்லூரியை நடத்த அவருக்கு மாநில அரசின் பணம் வேண்டும், சபையின் பணம் வேண்டும், அக்கம்பக்கத்து வெள்ளையரின் பகையும் கூடாது. நீண்ட காலம் அப்படி நடந்து பழகியவர் எல்லோரையும் அனுசரித்துப் போகிறவராக ஆகிவிட்டார்.

1931 அக்டோபர் 10 அன்று, தெற்குத் தரப்புப் படைவீரர்களின் வாரிசுச் சங்கங்கள் கீழ் ஊரில் ஒரு நினைவுக்கல் நாட்டின. ஹேவர்டு ஷெப்பர்டு என்ற கறுப்பருக்கு. ரயில் நிலையத்தில் சுமை பார்த்த, அடிமையல்லாத சுதந்திர மனிதர் அவர். 1859 தாக்குதலில் முதலில் இறந்தவரும் அவர்தான், பிரவுனின் ஆட்கள் சுட்டதில். அவர் இறந்தது உண்மை, துயரம். ஆனால் கல்லில் எழுதியது வேறு. போர்க்காலத்தில் எஜமானர்களுக்கு விசுவாசமாக இருந்த ஆயிரக்கணக்கான கறுப்பர்களின் குணத்துக்கு அவரை எடுத்துக்காட்டாக்கினார்கள். அடிமை வாழ்க்கையில் கறுப்பர்கள் திருப்தியாகத்தான் இருந்தார்கள் என்ற பொய்யைக் கல்லில் வெட்டுகிற வேலை அது. அந்த விழாவில் மெக்டொனால்டு பங்கெடுத்தார். ஸ்டோரரின் பாடகர் குழுவும் பாட வந்தது.

அந்தக் குழுவை நடத்தியவர் பேர்ல் டேட்டன், கல்லூரியின் இசை ஆசிரியை. நிகழ்ச்சி நிரலில் அவருக்குப் பேச்சு இல்லை. பாட்டுக்கு முன்பு எழுந்து நின்று பேசினார். நான் வடக்குப் படையின் நீலச் சீருடை அணிந்த கனெக்டிகட் வீரரின் மகள், என் மக்களின் விடுதலைக்காக அவர் போராடினார், அந்த விடுதலைக்கு முதல் அடி அடித்தவர் ஜான் பிரவுன் என்றார். அடிமை முறையைப் புகழ்ந்துகொண்டிருந்த கூட்டத்தின் நடுவே, தான் வேலை பார்க்கிற கல்லூரியின் தலைவர் மேடையில் இருக்கும்போது, ஒரு கறுப்பினப் பெண் 1931இல் இதைச் சொன்னார். ஸ்டோரரின் வரலாற்றில் டக்ளஸின் பேச்சுக்கு நிகராக நான் வைப்பது இந்தச் சில வாக்கியங்களை.

அந்த நினைவுக்கல்லுக்குப் பதில் சொல்ல, கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் முடிவெடுத்தது. டு பாய்ஸ் ஒரு வாசகம் எழுதினார். வெண்கலப் பலகை தயாரானது. ஸ்டோரர் வளாகத்தில் நின்ற கோட்டையில் பதிக்கத் திட்டம். வாசகம் கிட்டத்தட்ட இப்படி: இங்கே ஜான் பிரவுன் மனித அடிமைத்தனத்தின் மீது ஓங்கிய அடி குற்றமுள்ள ஒரு தேசத்தை எழுப்பியது. அவரோடு ஏழு அடிமைகளும் அடிமைகளின் பிள்ளைகளும் போரிட்டார்கள். சிலுவையில் அறையப்பட்ட அவர் உடலைக் கடந்து 2,00,000 கறுப்புப் போர்வீரர்களும் 40,00,000 விடுதலை பெற்றவர்களும் அவரைப் பாடிக்கொண்டே அணிவகுத்துப் போனார்கள்.

மெக்டொனால்டும் அறங்காவலர்களும் இந்த வாசகத்தை ஏற்கவில்லை. 1932 மே 21 அன்று சங்கத்தினர் வாஷிங்டனிலிருந்து ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு வந்தார்கள், கூட்டம் நடந்தது, டு பாய்ஸ் பேசினார். பலகையைப் பதிக்க மட்டும் அனுமதி இல்லை. அதை நியூயார்க்குக்கே திருப்பி எடுத்துப்போனார்கள். எஜமான விசுவாசத்தைப் புகழும் கல் கீழ் ஊரில் நின்றது. விடுதலையைப் புகழும் பலகைக்குக் கறுப்பின மக்களின் கல்லூரியிலேயே இடம் கிடைக்கவில்லை.

மெக்டொனால்டைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவர் கோழை என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள். எனக்கு அவர் மீது கோபம் உண்டு, ஆனால் அவருடைய நிலைமையையும் பார்க்கவேண்டும். 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலம், கல்லூரியிடம் பணமில்லை, மாநிலச் சட்டமன்றத்தில் ஒருவர் முகம் சுளித்தால் மானியம் போய்விடும். பிறர் தயவில் நடக்கிற ஒரு நிறுவனம், எந்த மக்களுக்காகத் தொடங்கியதோ அந்த மக்களின் குரலையே அடக்கச் சொல்கிற கட்டத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஸ்டோரர் தெளிவான உதாரணம். அவருக்குப் பின் 1944இல்தான் கல்லூரிக்கு முதல் கறுப்பினத் தலைவர் வந்தார், ரிச்சர்டு மெக்கின்னி. அவர் 1950 வரை இருந்தார். அவர் வந்தபோது, நான்கு வருடப் பட்டப்படிப்பு தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கல்லூரி கல்லூரியாக முழுமையடைந்த காலமும் பணம் தீர்ந்துபோன காலமும் ஒன்றாகவே வந்துவிட்டன.

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கிளிஃபோர்டு 1896இல் தோற்ற வழக்கு 58 வருடம் கழித்து நாடு முழுவதற்குமாக வெற்றி பெற்றது என்றே சொல்லலாம். அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து மேற்கு வர்ஜீனியா ஸ்டோரருக்குத் தந்துவந்த பணத்தை நிறுத்திவிட்டது. 1955 ஜூனில் கல்லூரி மூடப்பட்டது.

இது ஏன் என்று விளங்கிக்கொள்ளாவிட்டால், நீதிமன்றத் தீர்ப்புதான் ஸ்டோரரைக் கொன்றது என்று தோன்றும். அப்படி இல்லை. மாநிலம் ஸ்டோரருக்குப் பணம் கொடுத்தது கல்லூரியை மதித்து அல்ல. கறுப்புப் பள்ளிகளுக்குக் கறுப்பு ஆசிரியர் தேவை, அவர்களை வெள்ளையர் கல்லூரியில் சேர்க்க முடியாது, ஆகவே எங்கேயாவது பயிற்சி கொடுத்தாகவேண்டும். அந்தக் கணக்கில் வந்த பணம் அது. பிரிவினை போனதும் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். நியாயம் என்னவென்றால், 88 வருடம் குறைந்த பணத்தில் ஓடிய ஒரு கல்லூரியை அப்போதுதான் தூக்கிவிட்டிருக்கவேண்டும், எல்லோருக்குமான கல்லூரியாக நடத்தியிருக்கவேண்டும். 1867இலேயே எல்லோருக்கும் கதவைத் திறந்துவைத்த இடம் அது. அதே மாநிலத்தில் அரசே நடத்திய கறுப்பினக் கல்லூரிகளான மேற்கு வர்ஜீனியா ஸ்டேட்டும் புளூஃபீல்டு ஸ்டேட்டும் பிழைத்துக்கொண்டன, பிறகு வெள்ளை மாணவர்களும் அங்கே பெருமளவில் சேர்ந்தார்கள். சபைக் கல்லூரியான ஸ்டோரருக்கு அந்தத் தாங்கல் இல்லை. ஃப்ரீ வில் பாப்டிஸ்ட் சபையின் வடக்குப் பிரிவு 1911இலேயே பெரிய பாப்டிஸ்ட் அமைப்போடு கலந்துவிட்டது. எங்கள் கல்லூரி என்று இதற்காக மட்டும் வரிந்துகட்டி நிற்க ஒரு சபை மிஞ்சியிருக்கவில்லை. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் கட்டுகிற கட்டணத்தில் ஒரு கல்லூரியை நடத்த முடியாது.

தெற்கு மாநிலங்களிலும் இதே கணக்கு வேறு விதமாக நடந்தது. பள்ளிகளை ஒன்றாக்கியபோது பெரும்பாலும் மூடியவை கறுப்பினப் பள்ளிகள், வேலை இழந்தவர்கள் கறுப்பின ஆசிரியர்கள். சமத்துவத்தின் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்க்கும்போது ஸ்டோரர் தனி ஒரு கதையாக நிற்பதில்லை.

மூடிய பிறகு வளாகம் சில வருடம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1960இல் நிறைவேறிய சட்டத்தின் மூலம் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. பூங்கா வரவேண்டும் என்று பல வருடம் பாடுபட்டவர்களில் மெக்டொனால்டும் ஒருவர் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்தக் காலத்துப் பூங்கா நிர்வாகம் ஹார்ப்பர்ஸ் ஃபெரியை 1859ஆம் வருடத்து ஊராகக் காட்டுவதிலேயே குறியாக இருந்தது. கல்லூரியின் முதன்மைக் கட்டடமான அந்தோனி ஹால் பூங்கா ஊழியர்களுக்கான பயிற்சி மையமாயிற்று. பூங்காச் சேவையின் இயக்குநர் ஒருவர் நினைவாக வர்த் ஹால் என்று பெயரும் மாறிற்று. 1968இல் ஜான் பிரவுன் கோட்டையைப் பிரித்துக் கீழ் ஊருக்கு, பழைய இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். அதன் அசல் இடம் ரயில்பாதை மேட்டுக்குக் கீழே புதைந்துவிட்டது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் 1909 முதல் அந்தக் கொட்டகையைக் காப்பாற்றி வைத்திருந்த கல்லூரியின் பங்கு, கொட்டகை கீழே இறங்கியபோது கதையிலிருந்தும் இறங்கிப்போயிற்று.

பார்வை மெல்லத்தான் மாறியது. ஷெப்பர்டு கல்லைப் பல வருடம் மூடி வைத்திருந்து, 1995இல் மறுபடி திறந்தபோது, மறுபக்கத்தைச் சொல்கிற விளக்கப் பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். டு பாய்ஸின் 1932 வாசகம் அதில் இடம்பெற்றது. நயாகரா மாநாட்டின் நூற்றாண்டான 2006இல், அந்த வாசகம் தாங்கிய பலகை ஸ்டோரர் வளாகத்தில், கோட்டை முன்பு நின்ற இடத்திலேயே வைக்கப்பட்டது. 74 வருடத் தாமதம். அனுமதி மறுத்த கல்லூரி அப்போது இல்லை.

அந்தப் பலகையை வைத்தது சரி, மிகச் சரி. எனக்குள்ள குறை வேறு. அதுவும் ஜான் பிரவுனுக்கான பலகைதான். 1918 பலகை பிரவுனுக்கு, 1931 கல் பிரவுனுக்கு எதிராக, 1932 பலகை மறுபடி பிரவுனுக்கு. கேம்ப் ஹில்லில் 88 வருடம் படித்தவர்களும் பாடம் நடத்தியவர்களும் எங்கே? பூங்காச் சேவை இன்று ஸ்டோரர் வரலாற்றை நன்றாகவே சொல்கிறது, லாக்வுட் மாளிகையும் கல்லூரியின் சிற்றாலயமாக இருந்த கர்ட்டிஸ் ஆலயமும் பராமரிப்பில் இருக்கின்றன. இருந்தாலும் அந்த மண்ணில் பெரிய எழுத்தில் நிற்கவேண்டியது பேர்ல் டேட்டனின் வாக்கியங்கள் என்று நான் நினைக்கிறேன். கல்லூரியின் துணிச்சல், தயக்கம் இரண்டும் அந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன.

கல் தவிர வேறு நினைவுச்சின்னங்களும் உண்டு. கல்லூரியின் நிதி 1964இல் ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. பாப்டிஸ்ட் மரபில் வந்த கறுப்பினப் பல்கலைக்கழகம் அது. வேலண்ட் செமினரி, ரிச்மண்ட் இறையியல் நிலையம், ஹார்ட்ஷார்ன் பெண்கள் கல்லூரி ஆகியவற்றோடு ஸ்டோரரையும் தன் மூல நிறுவனங்களில் ஒன்றாக அது எண்ணுகிறது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் ஸ்டோரரின் படங்களும் தாள்களும் இருக்கின்றன. கால்பந்து அணி, சமையல் வகுப்பு, பட்டமளிப்பு நாளில் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கும் பெண்கள். பெயர் குறிக்காத முகங்களும் அவற்றில் உண்டு.

கல்லூரி மூடியபின் பல பத்தாண்டுகள் பழைய மாணவர்கள் கோடையில் ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு வந்து கூடினார்கள். புதிதாகச் சேர யாரும் இல்லாத சங்கம் அது, ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போகும். 1955இல் 22 வயதில் பட்டம் வாங்கியவருக்கு இன்று தொண்ணூறு தாண்டியிருக்கும். அந்தப் படங்களில் நிற்பவர்கள் யார் யார், அவர்கள் எந்தெந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் பாடம் நடத்தப் போனார்கள் என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. புதிய பலகைக்குச் செலவழிப்பதற்கு முன் அந்த வேலையைச் செய்யவேண்டும்.